ஆட்டிச நிலைக் குழந்தைகளுக்கான வீட்டுப் பாதுகாப்புப் பயிற்சி: கன்னியாகுமரி மாவட்டம்

வீட்டிலும் முற்றத்திலும் உள்ள ஆபத்துகளை அறிந்து விலகி நிற்கவும், சிக்கிக்கொண்டால் உதவி கேட்கவும், வளர வளர அடுப்பையும் கத்தியையும் மின்சாதனங்களையும் தாமே பத்திரமாகக் கையாளவும் ஆட்டிச நிலைக் குழந்தைகளைப் படிப்படியாகப் பழக்கும் கல்வியே வீட்டுப் பாதுகாப்புப் பயிற்சி. சிறப்புக் கல்வி, நடத்தைப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி ஆகிய துறைகள் இதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் இதற்குப் பள்ளிக்கூடம் வீடுதான். ஆசிரியர்கள் பெரும்பாலும் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கல்வி கிணற்றங்கரையிலும், ரப்பர் பால் உறையவைக்கும் சாய்ப்பிலும், அடுக்களையிலும், கடலைப் பார்த்த வாசலிலும் நடக்க வேண்டியிருக்கிறது.

நாஞ்சில் நாட்டு வீடும் அதன் ஆபத்துகளும்

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்த இம்மாவட்டம் பரப்பில் சிறியது. ஆனால் மூன்று வகை நிலம் அதற்குள் நெருங்கிக் கிடக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளான பழைய நாஞ்சில் நாடு வயலும் குளமும் கால்வாயும் நிறைந்தது. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டங்கள். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை மீனவ ஊர்கள். பல வீடுகளுக்கும் அலைக்கும் இடையே சில எட்டுத் தூரம்தான்.

நகரத்து அடுக்குமாடி வீட்டை மனத்தில் வைத்து எழுதிய பாதுகாப்புப் பட்டியல் இங்கே பாதிதான் பயன்படும். பால்கனி இருக்காது, கிணறு இருக்கும். லிஃப்ட் இருக்காது, தொழுவமும் விறகுப்புரையும் இருக்கும். புறவாசல் பகல் முழுவதும் திறந்தே கிடக்கும். பக்கத்து வீட்டார் அந்த வழியாகத்தான் வருவார்கள், போவார்கள். குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டிலோ ஆழ்கடலிலோ இருக்க, குழந்தையைத் தாயும் பாட்டியுமே பார்த்துக்கொள்ளும் வீடுகளும் நிறைய. எனவே பயிற்சி எதையும் தொடங்குமுன் அந்த வீட்டை ஒருமுறை குழந்தையின் கண் உயரத்தில் குனிந்து சுற்றிப் பார்ப்பது முதல் வேலை. எந்தக் கதவுக்குக் கொண்டி இல்லை, எந்த ஜன்னலிலிருந்து குளம் தெரிகிறது, எந்தப் பாட்டிலில் என்ன ஊற்றி வைத்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

ஏன் தனியாகக் கற்பிக்க வேண்டும்

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பது ஊர்ப் பழமொழி. ‘ஒருதடவை கை சுட்டால் தானே தெரிஞ்சுக்குவான்’ என்று சொல்கிற பெரியவர்கள் இந்த நம்பிக்கையில்தான் சொல்கிறார்கள். ஆட்டிச நிலையிலுள்ள பல குழந்தைகளுக்கு இது பொருந்துவதில்லை. சிலருக்கு வலியும் சூடும் உறைப்பது குறைவு. கொப்புளம் வந்த பிறகும் அழாமல் இருப்பார்கள். சிலருக்கு உறைத்தாலும், சுட்டது இந்த அடுப்பு என்றுதான் மனத்தில் பதியும். அடுத்த வீட்டு அடுப்பும் சுடும் என்று பதியாது. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது இவர்களுக்குக் கடினம். அதனால்தான் தெரபி அறையில் பொம்மை அடுப்பை வைத்துக் கற்றது வீட்டு அடுக்களையில் காணாமல் போகிறது.

மற்றக் காரணங்களும் உண்டு. குக்கர் விசில், மிக்ஸி, தேர்த்திருவிழா வெடி போன்ற ஓசைகள் தாங்க முடியாமல் குழந்தை திசை பார்க்காமல் ஓடிவிடலாம். மண், சுண்ணாம்பு, பெயிண்ட் செதில் என உணவல்லாதவற்றைத் தின்னும் பழக்கம் சிலருக்கு இருக்கும். தண்ணீரின் மினுக்கமும் அசைவும் பலரைக் கட்டி இழுக்கும். ‘அடுப்பைத் தொடாதே’ என்று சொன்னால், என்ன செய்யக் கூடாது என்பது மட்டுமே தெரிகிறது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது தெரியவில்லை. ‘கோட்டுக்கு வெளியே நில்’ என்றால் செய்வதற்கு ஒன்று கிடைக்கிறது. விலக்குவதைவிட, அதன் இடத்தில் செய்ய வேண்டியதைச் சொல்வது இந்தப் பயிற்சி முழுவதற்கும் அடிப்படை.

2012இல் அமெரிக்காவின் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, ஆட்டிச நிலைக் குழந்தைகளில் 49 விழுக்காட்டினர் 4 வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது வீட்டிலிருந்தோ பாதுகாப்பான இடத்திலிருந்தோ வெளியேற முயன்றதைக் கண்டது. கவலைப்படும் அளவுக்குக் காணாமல் போனவர்களில் 24 விழுக்காட்டினர் நீரில் மூழ்கும் ஆபத்தையும், 65 விழுக்காட்டினர் வாகனத்தில் அடிபடும் ஆபத்தையும் சந்தித்திருந்தனர். குளமும் கால்வாயும் கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் குமரி மாவட்டத்துக்கு இந்தக் கணக்கில் நீரைப் பற்றிய பகுதி மிகவும் முக்கியமானது.

கற்பிக்கும் முறை

லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை 1943இல் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய பிறகும், நெடுங்காலம் பேச்சு வரவைப்பதிலேயே எல்லாருடைய கவனமும் இருந்தது. அன்றாட வாழ்க்கைத் திறன்களை அளந்து கற்பிக்கும் வழக்கம் பின்னர்தான் வந்தது. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு முன்னோடிப் பங்கு உண்டு. சென்னையில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் 1970களில் உருவாக்கிய ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ 18 துறைகளில் 360 செயல்களை வரிசைப்படுத்தியது. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்காக அமைக்கப்பட்ட அந்தப் பட்டியலில், குழந்தைக்கு எது வராது என்று எழுதுவதில்லை. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய செயலாக, எது வருகிறது, அடுத்தது எது என்று எழுதுவார்கள். வீட்டுப் பாதுகாப்புக்கும் இந்த வழிதான் சரி. ‘பத்திரமாக இருப்பான்’ என்பது இலக்காகாது. ‘கிணற்றைச் சுற்றிய மஞ்சள் கோட்டில், சொல்லாமலே நிற்பான்’ என்பது இலக்கு.

ஒரு செயலைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது அடுத்தது. கேஸ் அடுப்பை அணைப்பது பெரியவருக்கு ஒரே வேலை. குழந்தைக்கு அது பாத்திரத்தை விட்டுக் கையெடுப்பது, திருகியைப் பிடிப்பது, நிற்கும்வரை திருப்புவது, தீ போய்விட்டதா என்று பார்ப்பது, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவது, ‘மூடியாச்சு’ என்று வந்து சொல்வது எனப் பல வேலைகள். இதைக் கடைசியிலிருந்து கற்பிப்பது பெரும்பாலும் பலன் தரும். மற்றதையெல்லாம் அம்மா செய்துவிட்டு, ‘மூடியாச்சு’ என்று சொல்வதை மட்டும் குழந்தையிடம் விடுவாள். அது பழகியபின் ரெகுலேட்டரும் குழந்தையின் வேலை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த நிறைவோடுதான் பாடம் முடியும். தொடக்கத்தில் கைமேல் கைவைத்துச் செய்யவைத்து, பிறகு முழங்கையைத் தொட்டு, பிறகு விரலால் காட்டி, பிறகு ஒன்றும் செய்யாமல் நின்று, உதவியை மெல்ல மெல்ல எடுத்துவிட வேண்டும். உதவியை எடுக்க மறந்துவிட்டால், அம்மாவின் விரல் நீண்டால்தான் அடுப்பை அணைப்பது என்று குழந்தை கற்றுக்கொண்டுவிடும்.

அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் மில்டன்பெர்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் குழந்தைகளின் பாதுகாப்புத் திறன்களில் நீண்ட ஆய்வு செய்தவர்கள். சொல்லிக்கொடுத்தல், செய்துகாட்டுதல், செய்யவைத்தல், உடனே பாராட்டித் திருத்துதல் என்ற நான்கும் சேர்ந்த பயிற்சியை அவர்கள் பயன்படுத்தினார்கள். விதியை ஒப்பிக்கத் தெரிந்த குழந்தை, ஆளில்லாத இடத்தில் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்று அவர்கள் கண்டதுதான் பெற்றோர் மறக்கக் கூடாத முடிவு. ‘ஆசிட் பாட்டிலைத் தொடலாமா?’ என்றால் ‘தொடக் கூடாது’ என்று அழகாகப் பதில் வரும். அது தேர்வு ஆகாது. ஆசிட் கேனைப் போன்ற ஒரு கேனைக் கழுவித் தண்ணீர் நிரப்பி வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுதான் தேர்வு. குழந்தை தொட்டால் திட்டாமல் உள்ளே போய், அந்த இடத்திலேயே மறுபடி செய்துகாட்டிச் செய்யவைக்க வேண்டும்.

படங்கள் பேச்சைவிட நன்றாக வேலை செய்யும். பேச்சு காற்றில் போய்விடும். படம் சுவரில் இருக்கும். இணையத்திலிருந்து எடுத்த வெளிநாட்டுச் சமையலறைப் படத்தைவிட, செல்போனில் எடுத்த நம் வீட்டு அடுப்பின் படம் மேல். அக்காவோ அண்ணனோ செய்வதைக் காணொளியாக எடுத்து அதையே பலமுறை போட்டுக் காட்டுவதும் நல்ல பலன் தரும் முறை. கேரல் கிரே 1991இல் அறிமுகப்படுத்திய சமூகக் கதைகளும் இந்த வகைதான்: ‘கிணற்றில் ஆழமாகத் தண்ணீர் இருக்கிறது. நான் கோட்டில் நிற்பேன். தாத்தா தண்ணீர் இறைத்துத் தருவார்’ என்று குழந்தையின் குரலிலேயே நாலைந்து வரிகள் போதும்.

கிணறு, குளம், கால்வாய்

பூட்டு முதலில், பாடம் பிறகு. கிணற்றுக்கு இரும்பு வலைமூடி போடாமல் கிணற்றுப் பாடம் தொடங்குவது சரியல்ல. பயிற்சி மாதக்கணக்கில் நடக்கும். அதுவரை குழந்தை உயிரோடு இருக்க வேண்டும். சுற்றுச்சுவர் பெரியவர் இடுப்பளவு இருந்தாலும், பக்கத்தில் கவிழ்த்த வாளியோ துவைகல்லோ இருந்தால் அது ஏணியாகிவிடும். தரைத்தொட்டியின் மூடியும் செப்டிக் டேங்க் மூடியும் மறக்கப்படுகிறவை.

கால்வாயைப் பற்றி இம்மாவட்டத்துக்கே உரிய ஒரு செய்தி உண்டு. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து கன்னிப்பூ எனப்படும் முதல் போக நெல் சாகுபடிக்காக வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறக்கிறார்கள். இரண்டாம் போகமான கும்பப்பூ முடியும்வரை ஓடி, கோடையில் கால்வாய்கள் காய்கின்றன. பள்ளி விடுமுறையில் காய்ந்த கால்வாய்க்குள் நடந்து பழகிய குழந்தைக்கு அது ‘பாதை’ என்று மனத்தில் பதிந்திருக்கும். பழகிய வழியை மாற்றுவது ஆட்டிச நிலையில் எளிதல்ல. ஜூன் மாதம் அதே இடத்தில் நெஞ்சளவு நீர் ஓடும்போதும் கால் தானாக அங்கே போகும். கால்வாயோரக் குடும்பங்கள் கோடையிலும் அதனுள் இறங்கவிடாமல் கரையிலேயே நடத்திப் பழக்குவதும், தண்ணீர் திறக்கும் நாளை நாள்காட்டியில் படம் ஒட்டிக் காட்டுவதும் அதனால் மிக அவசியம். வடகிழக்கு, தென்மேற்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்கே பெய்வதால் குளங்களின் விளிம்பும் ஆண்டுக்கு இருமுறை இடம்மாறும். சென்ற மாதம் காட்டிய எல்லை இந்த மாதம் நீருக்குள் இருக்கும்.

நீச்சல் கற்றுக்கொடுப்பது நல்லது, கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். மாமாமார் கூடவே இறங்கி வாழைத்தண்டைப் பிடித்து மிதக்கப் பழக்கிய ஊர் இது. ஆட்டிச நிலைக் குழந்தைகள் பலர் நீருக்குள் அமைதியடைகிறார்கள், சீக்கிரம் கற்கிறார்கள். உடுப்போடு விழுந்தால் உடல் கனக்கும் என்பதால், சட்டை நிக்கரோடும் மிதந்து பழக வேண்டும். நீந்துவதைவிட, கரையைப் பிடித்து ஏறிவருவதை முதலில் கற்பிக்க வேண்டும். நீச்சல் தெரிந்த குழந்தையையும் தனியே விட முடியாது. கடலோர ஊர்களில் இது இன்னும் கறாரான விதி. முட்டம், குளச்சல் பகுதி அலைகளில் தேர்ந்த நீச்சல்காரர்களுக்கே பிடி கிடைப்பதில்லை.

ஆசிட்டும் மண்ணெண்ணெயும்

சிறு ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் பாலைத் தட்டுகளில் ஊற்றி உறையவைக்க ஃபார்மிக் ஆசிட் பயன்படுத்துகிறார்கள். பார்வைக்கு அது தண்ணீர்தான். தோலையும் கண்ணையும் அரிக்கும். விழுங்கினால் தொண்டையும் குடலும் வெந்துபோகும். பெரிய கேனிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பழைய குடிநீர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. ஆட்டிச நிலைக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வழக்கம் ஒருநாளும் கூடாது. கடற்கரை வீடுகளில் படகு எஞ்சினுக்கான மண்ணெண்ணெயும் பெட்ரோலும் இதே ஆபத்து.

எது விஷம் என்று பட்டியல் கற்பிப்பது முடிகிற காரியமல்ல. அதைவிட எளிய விதி ஒன்று உண்டு: தன் பெயரோ படமோ ஒட்டிய குப்பியிலிருந்து மட்டும் குடிப்பது, கையில் கொடுத்ததை மட்டும் தின்பது, கீழே கிடந்ததை எடுத்தால் பெரியவர் கையில் கொடுப்பது. விதிகளைப் பிடித்துக்கொள்ளும் குணம் இங்கே குழந்தைக்குத் துணையாகிறது. தோவாளைப் பக்கம் பூவுக்காக வளர்க்கும் அரளியும், வேலியோர மஞ்சள் அரளிக் காயும் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு உள்ளவை. பச்சைக் கொல்லாங்கொட்டையின் ஓட்டுப்பால் வாயையும் உதட்டையும் புண்ணாக்கும். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் குழந்தை இருந்தால் இவற்றை முற்றத்திலிருந்து அகற்றிவிடுவதே நல்லது.

மண்ணெண்ணெயோ ஆசிட்டோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. குடித்தது வெளியே வரும் வழியில் மறுபடியும் புண்ணாக்கும், நுரையீரலுக்குள்ளும் போகும். மேலே பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். குடித்தாலும் மேலே பட்டாலும் 108ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அடுக்களை, மின்சாரம்

அடுக்களைக்குள் குழந்தையை விடாமலே வளர்த்தால், தாய் தளர்ந்துபோகும் வயதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு கட்டன்சாயா போடக்கூடத் தெரியாது. பாதுகாப்புப் பயிற்சியின் மறுபாதி இதுதான். தரையில் சிவப்பு டேப் ஒட்டி ‘நிற்கும் இடம்’ குறிப்பது சிறுவயதுக்கு. 8, 10 வயதில் மரச்சீனிக் கிழங்கைக் கழுவுவது, மழுங்கிய கத்தியால் வாழைப்பழம் நறுக்குவது. பிறகு தீ இல்லாத இண்டக்‌ஷன் அடுப்பு. கேஸ் அடுப்பு கடைசியில். வயதைவிட, முந்தைய படி உறுதிப்பட்டதா என்பதே கணக்கு. புட்டுக்குழலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் சுடும் என்பதால், சூடான எல்லாவற்றின்மேலும் ஒரே அடையாளத்தை ஒட்டி, அந்த அடையாளம் இருந்தால் துணி பிடித்துத்தான் தொடுவது என்று பழக்கலாம். தீப்புண்ணுக்கு 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீர். மஞ்சள், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரிவதற்காக மெர்காப்டன் என்ற வாடைப்பொருளைச் சேர்க்கிறார்கள். வாடையை உணர்வதில் இக்குழந்தைகளிடையே பெரிய வேறுபாடு இருப்பதால் அதை நம்பியிருக்க முடியாது. குழந்தையின் பங்கு இரண்டு செயல்கள் மட்டும்: சுவிட்சைத் தொடாமல் வெளியே வருவது, ஆளைக் கூப்பிடுவது. எரிவாயுக் கசிவுக்கான அழைப்பு எண் 1906.

மின்சாரத்தைப் பொறுத்தவரை பயிற்சியைவிடக் கருவி மேலானது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும், துளை மூடிய பிளக் பாயிண்ட்களும் போட்டுவிட்டால் பாதிக் கவலை தீரும். கிறிஸ்துமஸ் காலத்தில் முற்றமெங்கும் நட்சத்திரத்துக்கும் குடிலுக்கும் இழுக்கும் தற்காலிக வயர்களில்தான் கவனம் வேண்டும்.

வாசலைத் தாண்டுதல்

அம்மன் கொடை, கோயில் தேர், பங்குத் திருவிழா நாட்களில் வீடு நிறைய விருந்தாளிகள் இருப்பார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார்கள், கதவுகள் திறந்திருக்கும். காணாமல் போவது அப்போது எளிது. அன்றைக்குக் குழந்தைக்குப் பொறுப்பு இன்னார் என்று மணிக்கு ஒருவராக மாற்றி மாற்றி நியமிப்பது நல்ல வழி. தன் பெயர், அப்பா பெயர், ஒரு செல்போன் எண் ஆகியவற்றைச் சொல்லவோ அட்டையாக நீட்டவோ பழக்க வேண்டும். பேச்சு வராதவர்களுக்குப் பட அட்டைகளோடு, சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ போன்ற செயலிகளும் உதவும். ‘வலிக்குது’, ‘உதவி’ என்ற இரண்டும் முதல் திரையிலேயே இருக்க வேண்டும். காணாமல் போன ஆட்டிச நிலைக் குழந்தையையும் அவன் குடும்பத்தையும் பற்றித் தமிழில் யெஸ். பாலபாரதி எழுதிய ‘துலக்கம்’ நாவல், இந்த அச்சத்தை வெளியாருக்குப் புரியவைத்த படைப்பு.

‘நில்’ என்று சொன்னால் நிற்கப் பழக்குவது உயிர்காக்கும் பயிற்சி. ஆனால் யார் சொன்னாலும் கேட்கும் பிள்ளையாக வளர்ப்பது வேறு. வளர்ந்த ஆட்டிச நிலையினரே இதை அழுத்தமாக எச்சரிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழகிய குழந்தை, தவறாகத் தொடுபவரையும் தடுக்காது. ஆகவே உடலின் அந்தரங்க உறுப்புகளைப் படங்காட்டிச் சொல்வதும், ‘வேண்டாம்’ என்று குழந்தை மறுக்கும்போது வீட்டார் மதித்து விலகுவதும் இதே பாடத்தின் பகுதிகள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

வீட்டார் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அம்மா ‘நில்லு’ என்றும் பாட்டி ‘போகாத மக்களே’ என்றும், மலையாளம் கலந்து பேசும் விளவங்கோட்டுச் சித்தி ‘நிக்கெடா’ என்றும் சொன்னால் குழந்தைக்கு அவை மூன்று வேறு கட்டளைகள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 21 வகை இயலாமைகளை ஏற்ற 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளன. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தெரபிச் செலவையும் ஏற்கிறது. பிறப்பு முதல் 18 வயதுவரையுள்ள குழந்தைகளைப் பரிசோதிக்கும் ராஷ்டிரிய பால் சுவஸ்திய காரியக்ரம் 2013இல் தொடங்கியது. அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் அதன் மருத்துவக் குழு கண்டறியும் குழந்தைகள் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்கள். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்தில் உள்ளது. மேற்கே உள்ளவர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். அங்கே மருத்துவக் கல்லூரி வளாகத்தின் குழந்தை வளர்ச்சி மையமும், ஆக்குளத்தில் பேச்சு, செவித்திறனுக்கான ‘நிஷ்’ நிறுவனமும் இயங்குகின்றன. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், பணியாளர்களைக் கிராம வீடுகளுக்கே அனுப்பித் தொடக்ககாலப் பயிற்சி தருவதில் தென்மாவட்டங்களுக்கு முன்மாதிரி. இப்படி வீட்டுக்கே ஆள் வரும் பயிற்சியில் பணியாளர்களின் கண்முன் இருப்பது அந்த வீட்டின் கிணறும் அந்த வீட்டின் அடுப்பும்தான்.

மாவட்டத்தின் 9 ஒன்றியங்களிலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ்ச் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி தருவதும் அவர்கள் வேலை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. எழுத்து, எண், நிறம் ஆகியவற்றோடு, கிணற்றுக் கோட்டில் நிற்பதையும் தன் குப்பியில் மட்டும் குடிப்பதையும் அந்தத் திட்டத்தில் இலக்குகளாகச் சேர்க்கும்படி பெற்றோர் கேட்கலாம். சிறப்பாசிரியர் அடுத்தமுறை வீட்டுக்கு வரும்போது நாற்காலி போட்டு உட்காரவைக்காமல் புறவாசலுக்கு அழைத்துப் போவதிலிருந்து அதைத் தொடங்கலாம்.